படுத்தால் முட்டும் மூச்சு

நடக்கும்போது ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருக்கும்போதும் ஒன்றும் இல்லை. இரவுச் சாப்பாட்டை முடித்து, விளக்கை அணைத்து, முதுகு படுக்கையில் பட்டதும்தான் நெஞ்சை அடைக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. மறுபடி சாய்ந்தால் மறுபடி முட்டுகிறது. வீட்டில் சொன்னால், "வாயுவா இருக்கும், ஒரு சோடா குடி" என்பார்கள். ஓமத் தண்ணீர் வரும், பெருங்காயம் போட்ட மோர் வரும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை வரும். பல நேரங்களில் அது உண்மையிலேயே வயிற்றின் வேலைதான். சில நேரங்களில் அது இதயத்தின் வேலை. வேறு சில நேரங்களில் நுரையீரலின் வேலை. தொல்லை ஒன்றுபோல இருந்தாலும் மூலம் வேறு வேறு என்பதால், இந்த மூச்சு முட்டலைப் புரிந்துகொள்வது உயிரைக் காக்கும் அறிவு.

படுப்பதை நாம் ஓய்வு என்கிறோம். எலும்புக்கும் தசைக்கும் அது ஓய்வுதான். ஆனால் நின்ற உடல் கிடக்கும் உடலாக மாறும்போது உள்ளே பெரிய இடமாற்றம் நடக்கிறது. ரத்தம் இடம் மாறுகிறது. குடலும் கல்லீரலும் இரைப்பையும் வேறு திசையில் அழுத்துகின்றன. இரைப்பையில் இருக்கும் அமிலத்தின் மட்டம் மாறுகிறது. இதயம், நுரையீரல், இரைப்பை மூன்றும் ஒரே நேரத்தில் ஒரு சோதனைக்கு உள்ளாகின்றன. ஆரோக்கியமான உடல் இந்தச் சோதனையில் ஒவ்வோர் இரவும் சத்தமில்லாமல் தேறிவிடுகிறது. இவற்றில் எந்த உறுப்பு தடுமாறினாலும், மூச்சு முட்டல் என்ற ஒரே குறியைத்தான் காட்டுகிறது.

ஒரே தசை, பல பொறுப்பு

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசையிலிருந்து தொடங்குவோம். மேல்நோக்கிக் குவிந்த மெல்லிய தசை அது. நாம் மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்குகிறது. மார்புக்குள் இடம் உண்டாகி, காற்று உள்ளே வருகிறது. சாதாரண மூச்சுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் போதும். ஆழமாக இழுத்தால் பத்து சென்டிமீட்டர் வரைகூட இறங்கும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு முறை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு இருபதாயிரம் முறை அளவில் இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது.

இதை இயக்கும் நரம்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கழுத்திலிருந்து. கழுத்துத் தண்டுவடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் பகுதிகளில் கிளம்பி, மார்பு முழுவதையும் கடந்து வந்து இந்தத் தசையைச் சேர்கிறது. காரணம், கருவில் உதரவிதானம் உருவாகத் தொடங்கும் இடம் கழுத்துப் பகுதிதான். பிறகு அது கீழே இறங்குகிறது. தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. கழுத்து எலும்பின் மேல்பகுதி முறிந்தவர்களுக்கு மூச்சே நின்றுபோவது இதனால்தான்.

இந்தத் தசையின் அண்டை வீட்டாரைப் பாருங்கள். மேலே, இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை இதன் நடுப்பகுதியோடு ஒட்டியிருக்கிறது. இருபுறமும் நுரையீரல்களின் அடிப்பாகம் இதன்மேல் அமர்ந்திருக்கிறது. கீழே வலப்பக்கம் கல்லீரல், இடப்பக்கம் இரைப்பை. தொண்டையிலிருந்து இறங்கும் உணவுக்குழாய் இந்தத் தசையில் உள்ள ஒரு துவாரத்தின் வழியாகத்தான் வயிற்றுக்குள் போகிறது. அந்தத் துவாரத்தைச் சுற்றியுள்ள தசைநார்கள் உணவுக்குழாயைப் பிடித்து இறுக்கிக்கொள்கின்றன. ஆக, மூச்சு விடுவதற்கான தசையே இரைப்பையின் வாசலுக்கும் காவல். மூச்சுக்கும் அமிலத்துக்கும் உள்ள உறவு இந்தத் துவாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

நிற்கும்போது வயிற்று உறுப்புகள் கீழ்நோக்கித் தொங்குவதால் உதரவிதானத்துக்கு வேலை எளிது. மல்லாந்து படுத்தால் அதே உறுப்புகள் அதை மார்புப் பக்கம் தள்ளுகின்றன. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் மிஞ்சி நிற்கும் காற்று என்று ஒன்று உண்டு. வளர்ந்தவர்களுக்கு நிற்கும் நிலையில் அது ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று லிட்டர். படுத்தால் அதில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குறைந்துவிடுகிறது. ஆரோக்கியமானவருக்கு இந்தக் குறைவு தெரிவதே இல்லை. வயிறு பெருத்தவருக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும், கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தவருக்கும் நன்றாகத் தெரியும். இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே சாய்ந்தவருக்கும் ஓரளவு தெரியும். நிரம்பிய இரைப்பை இடப்பக்கத்தில் உதரவிதானத்தை மேலே முட்டிக்கொண்டிருக்கும்.

உதரவிதானமே பலமிழந்தால் நிலைமை வேறு. இரு பக்கமும் செயலிழந்தவருக்குப் படுத்த உடனேயே மூச்சு முட்டும். மார்பளவு தண்ணீரில் இறங்கினாலும் முட்டும், ஏனென்றால் தண்ணீரின் அழுத்தம் வயிற்றை உள்ளே தள்ளுகிறது. இவரைப் படுக்க வைத்து, வயிற்றைக் கவனித்தாலே மருத்துவருக்கு விஷயம் புரிந்துவிடும். மூச்சை இழுக்கும்போது எல்லோருக்கும் வயிறு மேலே எழும். இவருக்கு உள்ளே அமுங்கும்.

கால் ரத்தம் மார்புக்கு வரும்போது

அடுத்தது ரத்தம். நிற்கும்போதும் உட்காரும்போதும் புவியீர்ப்பால் கால்களில் கணிசமான ரத்தம் தங்கியிருக்கிறது. படுத்ததும் அதில் ஏறக்குறைய அரை லிட்டர் மார்புப் பகுதிக்குத் திரும்புகிறது. வலுவான இதயம் வந்த ரத்தத்தை அப்படியே முன்னால் தள்ளிவிடும். இதயத்தின் இடப்பக்க அறை பலவீனமாக இருந்தாலோ விறைத்திருந்தாலோ அந்தக் கூடுதல் ரத்தத்தைத் தள்ள முடியாது. அதன் அழுத்தம் பின்னோக்கி, நுரையீரலின் நுண்ணிய ரத்த நாளங்களில் ஏறுகிறது. அழுத்தம் கூடக்கூட நீர் கசிந்து, காற்றுப் பைகளைச் சுற்றித் தேங்குகிறது. நுரையீரல் கனத்து விறைக்கிறது. ஒவ்வொரு மூச்சும் பாடாகிறது.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் மருத்துவர்கள் காலம் காலமாகக் கேட்கும் கேள்வி ஒன்று: "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" ஒன்றில் தொடங்கி இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்குபவர்கள் உண்டு. தலையணை எண்ணிக்கை கூடுவதை நோயாளி பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் இதயம் தளர்ந்துகொண்டே போவதற்கு அது நல்ல அளவுகோல்.

இதயத்தின் மூச்சு முட்டலில் இன்னொரு வகை உண்டு. படுக்கும்போது ஒன்றும் தெரியாது. நன்றாகத் தூங்கிவிடுவார். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து மூச்சுத் திணறி, பதறி எழுந்து உட்காருவார். ஜன்னலைத் திறந்து காற்றுக்குத் தவிப்பார். பகலில் காலில் வீக்கமாகத் தேங்கிய நீர் இரவில் மெல்ல ரத்தத்துக்குத் திரும்ப இவ்வளவு நேரம் ஆகிறது. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கால் மணி, அரை மணி நேரத்தில் அடங்கும். சிலருக்கு அப்போது இருமலும் வீசிங்கும்கூட வரும். ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரைத் தேடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வந்ததால் வாயு என்று நினைத்து மாத்திரையைத் தேடுபவர்களும் உண்டு. தேட வேண்டியது இதய மருத்துவரை.

இரைப்பையின் வாசல்

இப்போது அமிலத்துக்கு வருவோம். இரைப்பை ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் இரைப்பை நீரைச் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் அமிலத்தன்மை ரத்தத்தைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம். இரைப்பையின் உட்சுவர் தடித்த சளிப்படலத்தால் தன்னைக் காத்துக்கொள்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குரல்வளைக்கும் மூச்சுக்குழாய்க்கும் துளிகூட இல்லை.

எனவே இடையில் ஒரு தடுப்பு வேண்டும். உணவுக்குழாயின் கடைசி மூன்று நான்கு சென்டிமீட்டரில் உள்ள சுருக்குத்தசை எப்போதும் இறுகியிருக்கிறது. அதை வெளியிலிருந்து உதரவிதானத்தின் பிடி இறுக்குகிறது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்யும்வரை அமிலம் மேலே வருவது கடினம். சிலருக்கு உதரவிதானத்தின் அந்தத் துவாரம் தளர்ந்து, இரைப்பையின் மேல்பகுதி அதன் வழியே மார்புக்குள் ஏறிவிடும். அப்போது இரு காவலர்களும் தனித்தனி இடத்தில் நிற்கிறார்கள், காவல் பலவீனமாகிறது. இரைப்பையின் பெரும்பகுதியே மார்புக்குள் ஏறிவிட்டால், அது நேரடியாக இதயத்தையும் நுரையீரலையும் நெருக்கி மூச்சு முட்டலைத் தரும்.

சுருக்குத்தசை பலமிழந்து போவதால்தான் எதுக்களிப்பு வருகிறது என்று மருத்துவ உலகம் நீண்ட காலம் நம்பியிருந்தது. 1980இல் ஜான் டென்ட், வைலி டாட்ஸ் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை மாற்றியது. எந்தத் தொல்லையும் இல்லாத ஆட்களைப் படுக்க வைத்து, உணவுக்குழாயில் மெல்லிய குழாய் செலுத்தி, இரவு முழுவதும் அழுத்தத்தை அளந்தார்கள். நன்றாக இறுகியிருந்த தசை, விழுங்காத நேரத்திலும் சில நொடிகள் தானாகத் தளர்ந்தது. அந்த நொடிகளில்தான் அமிலம் மேலே வந்தது. ஆரோக்கியமானவருக்கும் இது நடக்கிறது. அது நோயாக அல்ல, ஒரு வசதியாகவே உடலில் அமைந்திருக்கிறது: இரைப்பையில் சேரும் காற்று வெளியேற வேண்டும், அதற்காகத்தான் வாசல் திறக்கிறது. ஏப்பம் என்பது அதுதான்.

நிமிர்ந்திருக்கும்போது காற்று மேலே, திரவம் கீழே. வாசல் திறந்தால் வெளியேறுவது காற்று. படுத்திருக்கும்போது திரவம் வாசல்வரை வந்து நிற்கிறது. அதே திறப்பில் இப்போது வெளியேறுவது அமிலம். சாப்பிட்ட கையோடு படுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதன் உடலியல் இதுதான். ஆழ்ந்த உறக்கத்தில் இந்தத் தளர்ச்சி அவ்வளவாக நடப்பதில்லை என்பது அதே ஆய்வில் தெரிந்த ஆறுதலான செய்தி. விழித்துப் புரளும் நேரங்களில்தான் அது நடக்கிறது. தூக்கம் கெட்டால் எதுக்களிப்பு கூடுகிறது. எதுக்களிப்பு கூடினால் தூக்கம் கெடுகிறது.

மேலே வந்த அமிலம் எப்படிக் கீழே போகிறது? 1984இல் டாட்ஸின் குழுவினர் இதையும் அளந்து காட்டினார்கள். தன்னார்வலர்களின் உணவுக்குழாயில் 15 மில்லி அமிலத்தைச் செலுத்தினார்கள். உணவுக்குழாய் ஓரிரு முறை சுருங்கியதுமே ஏறக்குறைய எல்லாத் திரவமும் இரைப்பைக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் சுவரில் படிந்த அமிலத்தன்மை போகவில்லை. ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் அது படிப்படியாகக் குறைந்தது. எச்சிலை வாயிலிருந்தே உறிஞ்சி எடுத்துவிட்டால் குறையவே இல்லை. எச்சிலில் உள்ள பைகார்பனேட் என்ற காரப்பொருள்தான் அமிலத்தை முறிக்கிறது. பொருட்படுத்தாமல் நாள் முழுக்க விழுங்கும் எச்சில்தான் நம் உணவுக்குழாயைக் காத்துக்கொண்டிருக்கிறது. தூங்கும்போது எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. விழுங்குவதும் வெகுவாகக் குறைகிறது. பகலில் ஓரிரு நிமிடத்தில் போகும் அமிலம் இரவில் நீண்ட நேரம் அங்கேயே தங்குகிறது.

அமிலம் எப்படி மூச்சைத் தொடுகிறது?

இதற்கு இரண்டு வழிகள். முதலாவது நேர்வழி. அமிலம் தொண்டைவரை ஏறி, குரல்வளையையோ மூச்சுக்குழாயையோ தொட்டுவிடுவது. இதன் கொடுமையை மருத்துவ உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன். 1946இல் வெளியான அவரது ஆய்வு, 1932 முதல் 1945 வரை ஒரு மருத்துவமனையில் பதிவான 44,016 கர்ப்பிணிகளின் விவரங்களை அலசியது. அவர்களில் 66 பேருக்குப் பிரசவ மயக்க மருந்தின்போது இரைப்பையில் இருந்தவை நுரையீரலுக்குள் போயிருந்தன. திட உணவு போனவர்களுக்கு மூச்சுக்குழாய் அடைத்தது. அமிலத் திரவம் போனவர்களுக்கு ஆஸ்துமா போன்ற கடும் இரைப்பு வந்தது. பிறகு அவர் முயல்களின் நுரையீரலில் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார். அதே நிலை வந்தது. அமிலத்தன்மை முறிக்கப்பட்ட இரைப்பை நீரைச் செலுத்தியபோது அந்தக் கடுமை இல்லை. குற்றவாளி அமிலம் என்பது உறுதியானது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வதன் பின்னணியில் இந்த அறிவு இருக்கிறது.

தூக்கத்தில் அவ்வளவு பெரிய அளவில் அமிலம் போவதில்லை. துளி அளவு போதும். குரல்வளையில் அமிலம் பட்டதும் குரல்நாண்கள் சட்டென்று மூடிக்கொள்ளும். நுரையீரலைக் காக்க உடல் எடுக்கும் அவசர நடவடிக்கை அது. தூங்கிக்கொண்டிருந்தவர் தூக்கிவாரிப்போட்டு எழுவார். மூச்சை உள்ளே இழுக்க முடியாது. இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வரும். செத்துவிடுவோம் என்ற பயம் வரும். பெரும்பாலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்துக்குள் தானாக விட்டுவிடும். வாயில் புளிப்பும் தொண்டையில் எரிச்சலும் மிஞ்சும்.

இரண்டாவது வழிதான் எனக்கு அதிசயமாகப் படுவது. அமிலம் மூச்சுக்குழாயைத் தொடவே வேண்டாம். உணவுக்குழாயின் அடியில் பட்டாலே போதும். இதைப் புரிந்துகொள்ளக் கருவின் நான்காவது வாரத்துக்குப் போக வேண்டும். அப்போது உணவுக்குழாய், மூச்சுக்குழாய் என்று தனித்தனியாக எதுவும் இல்லை. முன்குடல் என்ற ஒரே குழாய்தான். அதன் முன்சுவரில் ஒரு சிறு மொட்டு முளைக்கிறது. அந்த மொட்டு வளர்ந்து, கிளைவிட்டு, மூச்சுக்குழாயாகவும் நுரையீரல்களாகவும் ஆகிறது. நம் நுரையீரல் உணவுப் பாதையிலிருந்து பிரிந்த கிளை. இந்தப் பிரிவு சரியாக நடக்காமல் போனால், உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் ஒட்டிய நிலையில் குழந்தை பிறக்கும். மூவாயிரம், நாலாயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கு இப்படி ஆகிறது. பிறந்த சில நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்துதான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இரண்டு குழாய்களும் பிரிந்த பிறகும் நரம்பு ஒன்றுதான். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இரண்டுக்கும் கிளை கொடுக்கிறது. உணவுக்குழாயில் அமிலம் பட்ட செய்தி அந்த நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து அதே நரம்பின் இன்னொரு கிளை வழியே மூச்சுக்குழாய்களுக்குச் சுருங்கும் கட்டளை வருகிறது. ஆஸ்துமா உள்ளவர்களின் உணவுக்குழாயில் நீர்த்த அமிலத்தைச் செலுத்திப் பார்த்த சோதனைகளில், சிலருக்கு மூச்சுக்குழாய்கள் சுருங்கியது தெரிந்தது. எல்லோருக்கும் அல்ல, சுருக்கத்தின் அளவும் பெரும்பாலும் சிறியதே. மூச்சுக்குழாய் சுருங்காமலேயே நெஞ்சு இறுகிய உணர்வு மட்டும் வருபவர்களும் உண்டு. உணவுக்குழாய், இதயம், மூச்சுக்குழாய் மூன்றின் செய்திகளும் மூளைக்கு நெருங்கிய பாதைகளில் போவதால், எங்கிருந்து வந்தது என்று மூளையால் எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை.

உறவு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. ஆஸ்துமாவில் நுரையீரல் காற்றால் உப்பும்போது உதரவிதானம் தட்டையாகி, இரைப்பை வாசலின் பிடி தளர்கிறது. மூச்சை இழுக்கப் படும் பாட்டில் மார்புக்குள் அழுத்தம் குறைந்து, இரைப்பையில் உள்ளது மேலே உறிஞ்சப்படுகிறது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோயிலும் இதே இழுப்பு நடக்கிறது. தியோஃபிலின் போன்ற சில ஆஸ்துமா மருந்துகளும் சுருக்குத்தசையைத் தளர்த்தக்கூடியவை. எது முதலில் வந்தது என்று சொல்வது இதனால்தான் கடினம்.

மாத்திரை சொன்ன பாடம்

வயிறு முட்டச் சாப்பிட்டால் இரவில் ஆஸ்துமா வரும் என்பதை மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கவனித்து எழுதினார். 1892இல் முதல் பதிப்பு வந்த அவரது பாடநூல் அந்தக் கால மருத்துவர்களுக்கு வேதம். பெரிய சாப்பாட்டை மதியத்திலேயே முடித்துக்கொள்வது ஆஸ்துமாக்காரர்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்ட வழி.

1980களின் இறுதியில் ஒமிப்ரசோல் வந்தது. அமிலம் சுரப்பதையே பெருமளவு நிறுத்தும் மாத்திரை அது. அமிலம்தான் காரணம் என்றால், அதை நிறுத்தினால் ஆஸ்துமாவும் அடங்க வேண்டுமே! அமெரிக்காவில் கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ள 412 பேரிடம் இதைச் சோதித்தார்கள். அவர்களுக்கு நெஞ்செரிச்சல் அவ்வளவாக இல்லை. பாதிப் பேருக்கு அதே வகை மாத்திரையான எசோமிப்ரசோல், பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை, 24 வாரங்கள். 2009இல் முடிவு வெளியானது: இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. குழந்தைகளிடம் செய்து 2012இல் வெளியான ஆய்விலும் பலன் இல்லை. நெஞ்செரிச்சலும் இரவில் மூச்சுத் தொல்லையும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு மட்டும் வேறோர் ஆய்வில் சிறிதளவு பலன் தெரிந்தது.

இந்த ஆய்வுகள் தரும் பாடம் தெளிவானது. எதுக்களிப்புக்கும் மூச்சுக்கும் உறவு உண்டு. ஆனால் மூச்சு முட்டும் எல்லோருக்கும் எதுக்களிப்பு காரணமல்ல. நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ இல்லாதவருக்கு ஊகத்தின் பேரில் அமில மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பதில் பயனில்லை. அதைவிட மோசம், அந்த மாதங்களில் உண்மையான காரணம் உள்ளே வளர்ந்துகொண்டிருப்பது.

இரவின் கடிகாரம்

காரணத்தைப் பிரித்தறிய, மூச்சு முட்டும் நேரத்தையும் அது விடும் விதத்தையும் கவனித்தாலே பாதி விடை கிடைக்கும். படுத்த கணமே முட்டினால் உதரவிதானத்தையும் வயிற்றுப் பருமனையும் பார்க்க வேண்டும். படுத்துச் சில நிமிடங்களில் ஏறி, தலையணையை உயர்த்தினால் குறைந்தால் இதயத்தின் மீது சந்தேகம் வர வேண்டும்; கால் வீக்கம், சில நாட்களில் திடீரென ஏறிய எடை, மாடிப்படி ஏறினால் இரைப்பு ஆகியவை இருந்தால் சந்தேகம் வலுக்கும். தூங்கி ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் திணறி எழுந்து, அடங்க வெகுநேரம் ஆனாலும் இதயம்தான் முதலில். விடியலுக்கு முன்னால், மூன்று நான்கு மணி வாக்கில் வீசிங்கோடு எழுந்தால் ஆஸ்துமா. மூச்சுக்குழாய்கள் இயற்கையாகவே அதிகம் குறுகும் நேரம் அது. பலத்த குறட்டை நடுவே நின்று, திணறலோடு மீண்டும் தொடங்குவதை வீட்டில் இருப்பவர்கள் பார்த்திருந்தால் தூக்கப் பரிசோதனை தேவை. பலமான இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாயில் புளிப்போடு, இருமலோடு வந்து, எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் அடங்கினால் எதுக்களிப்புக்கு வாய்ப்பு அதிகம்.

இவை சுட்டிக்காட்டும் குறிகள் மட்டுமே, தீர்ப்பு அல்ல. ஒருவருக்கே இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கலாம். ஈ.சி.ஜி., எக்கோ, மார்பு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை ஆகியவற்றுக்குப் பிறகுதான் வயிற்றைக் குற்றம் சொல்ல வேண்டும். எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் எதுக்களிப்பு இல்லை என்றாகாது. தொல்லை உள்ள பலருக்கு உணவுக்குழாய் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சந்தேகம் தீராவிட்டால், மூக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒரு நாள் முழுக்க அமில அளவைப் பதிவு செய்யும் சோதனை உண்டு. மூச்சு முட்டிய நேரமும் அமிலம் ஏறிய நேரமும் ஒத்துப்போகிறதா என்று அதில் பார்க்கலாம்.

படுக்கையைச் சற்றே மாற்றினால்

எதுக்களிப்பு என்று உறுதியானால், மாத்திரைக்கு இணையாகப் புவியீர்ப்பும் உதவும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுப்பதற்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விட வேண்டும். திட உணவு இரைப்பையைக் கடக்க அவ்வளவு நேரம் ஆகும், எண்ணெயும் கொழுப்பும் மிகுந்தால் இன்னும் கூடும். இரவில் அளவைக் குறைத்து, பொரித்ததை மதியத்துக்கு மாற்றலாம். இடுப்பை இறுக்கும் நாடாவையும் பெல்ட்டையும் தளர்த்தலாம். தொப்பை குறைந்தால் இரைப்பையின் மேல் உள்ள அழுத்தமே குறையும். புகைபிடிப்பவர் அதை விட்டால் மூச்சுக்கும் வயிற்றுக்கும் சேர்ந்தே நன்மை.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டையோ செங்கல்லோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். தலையணைகளை மட்டும் அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடங்கி, வயிறு நசுங்கி, அமிலம் மேலே வருவது கூடிவிடலாம். பாயில் படுப்பவர்கள் முதுகின் மேல்பாதி முழுவதையும் தாங்கும் சரிவான பலகையையோ கெட்டி மெத்தையையோ பயன்படுத்தலாம்.

எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறோம் என்பதற்கும் பங்கு உண்டு. இரைப்பையின் பெரும்பகுதி இடப்பக்கம் தொங்குகிறது. உணவுக்குழாய் அதன் வலப்பக்க மேலோரத்தில் வந்து சேர்கிறது. பாதி நிரம்பிய குடத்தைச் சாய்க்கும்போது வாய் மேலே இருந்தால் தண்ணீர் உள்ளே நிற்கும், கீழே போனால் வழியும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பையின் வாய் அமில மட்டத்துக்கு மேலே நிற்கிறது. வலப்பக்கம் படுத்தால் மூழ்குகிறது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், உறங்கிய 57 பேரின் அமில அளவையும் படுத்த நிலையையும் ஒருசேரப் பதிவு செய்தார்கள். மேலே வந்த அமிலம் இடப்பக்கம் படுத்தபோது ஏறக்குறைய அரை நிமிடத்தில் இறங்கியது. மல்லாந்தோ வலப்பக்கமோ படுத்தபோது ஒரு நிமிடத்துக்கும் மேலானது. காசு செலவில்லாத இந்த மாற்றத்தை இன்றிரவே செய்து பார்க்கலாம். இதயம் பெருத்தவர்களில் சிலருக்கு மட்டும் இடப்பக்கம் படுத்தால் மூச்சு அதிகம் முட்டும். அப்படி இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதுவே ஒரு துப்பு.

நெஞ்சு வலி, வியர்வை, தாடையிலோ இடது கையிலோ பரவும் வலி, உதடு நீலமாதல், நுரையோடு இளஞ்சிவப்புச் சளி, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத இரைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மூச்சு முட்டலோடு வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழைக்க வேண்டும். விழுங்கும்போது உணவு சிக்குதல், காரணமில்லாமல் எடை குறைதல், கறுத்த மலம் ஆகியவை இருந்தால் அமில மாத்திரையோடு நிற்காமல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

நம் வீடுகளில் 'கேஸ்' என்ற சொல்லுக்குள் எத்தனையோ மாரடைப்புகளும் இதயச் செயலிழப்புகளும் ஒளிந்து, காலம் கடந்து வெளியே வந்திருக்கின்றன. சோடாவும் ஓமமும் தப்பில்லை. அவற்றோடு விசாரணையை முடித்துக்கொள்வதுதான் தப்பு. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். படுத்து எவ்வளவு நேரத்தில் முட்டுகிறது? எழுந்தபின் எவ்வளவு நேரத்தில் விடுகிறது? சேர்ந்து வேறென்ன வருகிறது? விடைகளை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இதயமும் நுரையீரலும் நலம் என்று தெரிந்த பிறகு வாயு என்று சொன்னால், அந்தச் சொல்லை நிம்மதியோடு ஏற்றுக்கொள்ளலாம்.